சஹன் தட்டும் சத்தம்

கல்முனைக்குடியில் ஒருவரும் நாயைக் கொல்ல மாட்டார்கள். பூனையையும் கொல்ல மாட்டார்கள். அது பாவம் என்று சின்ன வயதிலேயே ஓதிக்கொடுத்து வளர்த்த ஊர். ஆகவே அங்கே வேண்டாத குட்டிக்கு ஒரே வழிதான் இருந்தது: சாக்கு. அடுப்படியில் பூனை நாலு குட்டி போட்டால், அரிசிச் சாக்கில் பிடித்துப் போட்டு, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் மீன் சந்தைக்குப் பின்னால் அவிழ்த்து விடுவார்கள். "மீன் இரிக்கி, திண்டு பொழச்சிக்கும்" என்று சொல்லிவிட்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிப்பார்கள். கண் திறக்காத குட்டி எந்த மீனைத் தின்னும் என்று யாராவது கேட்டால், கேட்டவள்தான் பொல்லாதவள்.

அந்தப் பொல்லாதவளின் பெயர் றுஸ்தா. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தாள். வயது நாற்பத்தைந்து. புருசன் கட்டாரில். பிள்ளை இல்லை. "அதுதான் நாய் பூனையோட திரியிறா" என்று ஊர் சொன்னது. காதில் விழட்டும் என்றே சொன்னது. அவளோடு சேர்ந்து திரிந்தவள் பாண்டிருப்புக் கஜேந்தினி, மருந்துக் கடையில் வேலை செய்யும் பெண். புண்ணுக்கு மருந்து கட்டுவதில் கைராசிக்காரி. இவர்கள் இரண்டு பேரும்தான் ‘வாயில்லா ஜீவன் உதவிக் குழு’. கைபேசியில் மட்டும் அந்தக் குழுவில் இருநூற்றுப் பதினொரு பேர் இருந்தார்கள். கால் முறிந்த பூனையின் படத்தைப் போட்டால் போதும், ‘மாஷா அல்லாஹ்’ என்றும் ‘உங்கள் சேவை தொடரட்டும்’ என்றும் இதயமாக வந்து கொட்டும். இரண்டு கிழமைக்கு உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்களேன் என்று கேட்டால் இருநூற்றொன்பது பேரும் ஊமையாகி விடுவார்கள்.

பூனைக்காவது யாரோ ஒருத்தி மனம் இரங்குவாள். நாய் என்றால் அதுவும் இல்லை. நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால் கழுவ வேண்டும். றுஸ்தாவும் அப்படித்தான் கழுவினாள். அவள் வீட்டு வெளிக் குழாயடியில் ஒரு பால்மாத் தகரப் பேணி நிறைய மண் எப்போதும் இருக்கும். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதைப் பள்ளியில் நடக்கும் பயான் பிரசங்கத்தில் எல்லோரும் கேட்டுக் கண் கலங்கியவர்கள்தான். பயான் முடிந்து வெளியே வந்து வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக் கல் எறிவார்கள். சும்மா சொல்லக் கூடாது, குறி தப்பாது.

ஆனாலும் ஓர் உதவி மட்டும் ஊர் மனதாரச் செய்தது. கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டுத்தான் சஹன். எந்தச் சஹனிலும் கால்வாசிச் சோறும் எலும்பும் மிஞ்சும். அதைக் குழியில் கொட்டாமல் வாளியில் போட்டு வைத்து, "றுஸ்தாக்குச் செல்லுங்க, வந்து எடுக்கட்டும்" என்று ஆள் அனுப்பப் பழகியிருந்தார்கள். கதிரை, கூடாரம், சஹன் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் மசூர், நசுங்கிப்போன சஹன் ஒன்றையும் அவளுக்குக் கொடுத்திருந்தான்.

"நாய்க்கு வெச்சா திரும்பிக் கொண்டு வராதீங்க ராத்தா. அது இனி உங்கடதான்."

பின்னேரம் அஸர் தொழுத கையோடு றுஸ்தா வாளியையும் சஹனையும் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவாள். அகப்பையால் சஹனில் மூன்று தட்டு. தோணிகளுக்குப் பின்னாலிருந்தும் தாழம்பற்றைக்குள்ளிருந்தும் பதினொரு நாய்கள் ஓடி வரும். கடைசியாக வருவது கறுவா. கறுவாப்பட்டை நிறம், பெட்டை. டிப்பர் லொறி ஏறிப் பின்னங்கால் ஒன்று போனது. கஜேந்தினி நாற்பது நாள் மருந்து கட்டி எழுப்பிவிட்ட நாய். மூன்று காலில் நொண்டி வந்து, மற்றவை தின்று முடிக்கும் வரை றுஸ்தாவுக்கு இரண்டு முழம் தள்ளி நின்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்கென்று ஒரு பிடி ஒதுக்கி வைப்பது றுஸ்தாவின் வழக்கம். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் அவள் அதைத் தொட்டதில்லை, அதுவும் அவளை உரசியதில்லை. அந்த இரண்டு முழத்துக்குள் ஒரு நேசம் இருந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மார்கழி மழைக்குப் பிறகு வம்பு தொடங்கியது. விடியச் சுபஹுத் தொழுகைக்குப் போன இப்றாஹிம் ஹாஜியாரை நாய்கள் துரத்த, சைக்கிளோடு விழுந்து முழங்கை பேர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு இரண்டு பெட்டைகள் வயிற்றோடு நின்றன. "இன்னொரு இருவது குட்டி வந்தா ஊர்ல ஆர் நடக்கிற?" என்று கடைக்கு வந்தவரெல்லாம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். றுஸ்தா ஓடித் திரிந்து, லீவு நாளில் வர ஒரு மிருக வைத்தியரைச் சம்மதிக்க வைத்தாள். எல்லா நாய்க்கும் விசர்நாய் ஊசி, இனி குட்டி போடாமல் சத்திரசிகிச்சை. பாண்டிருப்பில் கஜேந்தினியின் மாமா சீனித்தம்பி தன் வலைக் கொட்டிலை ஒதுக்கித் தந்தார். நாய்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டும் வழியில்லை. ஓட்டோக்காரர் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள்.

தன் கடை மெஷினிலேயே இருநூறு நோட்டீஸ் அடித்தாள். "காசு கேட்கவில்லை" என்று மேலே பெரிதாகப் போட்டாள். வாகனம் உள்ளவர் அரை நாள் வாகனம் தாருங்கள், இல்லாதவர் ஆளாக வந்து கை கொடுங்கள், வர ஏலாதவர் பழைய சாரனோ சாக்கோ கொடுத்து விடுங்கள், ஒன்றுமே ஏலாதவர் கல் எறியாமல் இருங்கள், அதுவே பெரிய உதவி. கடைசி வரியை எழுதிவிட்டுத் தானே சிரித்தாள். பள்ளி வாசலிலும் சந்தையிலும் நின்று கொடுத்தாள். சிலர் அதில் கடலை சுற்றிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் மசூர் நோட்டீஸோடு கடைக்கு வந்தான்.

"லொறி நான் தாறன் ராத்தா. நாங்க கொஞ்சப் பேரும் வாறம்."

றுஸ்தாவுக்கு நம்ப முடியவில்லை. "மெய்யா செல்றீங்க தம்பி?"

"மெய்தான். ஒண்டு கேக்கணும். ஒப்பரேசன் முடிஞ்சா மறுகா எங்க உடுவீங்க?"

"எடுத்த இடத்துலதான். பழகின இடத்துல உட்டாத்தான் சண்டை புடிக்காது, வேற நாயும் வராது."

"அப்ப திரும்பக் கடக்கரைக்குத்தான்."

"ஓம்."

மசூர் நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "சரி ராத்தா. காலைல ஒம்பது மணிக்கு." அவன் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை. சந்தோசத்தில் இருக்கிறவள் எவள் எதிரில் நிற்பவனின் முகத்தைப் பார்த்தாள்!

ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் பதினேழு பேர் நின்றார்கள். நாயைக் கண்டால் சாரனைத் தூக்கிக்கொண்டு விலகுகிறவர்கள், கையில் பொலித்தீன் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பழைய சாரன் ஒரு மூட்டை வந்திருந்தது. கட்டுப் போட்ட கையோடு இப்றாஹிம் ஹாஜியாரே ஒரு கேத்தல் தேத்தண்ணியும் பணிசும் கொடுத்தனுப்பியிருந்தார். றுஸ்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தியா புள்ள, எங்கட சனம் நல்ல சனம். கேக்காமத்தான் இருந்திரிக்கம்."

கஜேந்தினி மெல்லச் சொன்னாள்: "எனக்கெண்டா ஒரு மாதிரிக் கிடக்கு அக்கா. ஒருநாளும் வராத ஆக்கள்."

"வந்தாலும் குத்தம், வராட்டியும் குத்தமா? சும்மா இரு."

லொறிக்குள் ஒரு வாளிச் சோற்றைக் கொட்டிப் பலகை சாய்த்து வைத்தார்கள். றுஸ்தா சஹனைத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாய்கள் வந்தன. இத்தனை பேரைக் கண்டு தயங்கின. அவள் பலகையோரம் நின்று இன்னும் தட்ட, ஒவ்வொன்றாக ஏறின. பத்து ஏறிவிட்டன. கறுவா மட்டும் ஏறவில்லை. இரண்டு முழம் தள்ளி நின்று அவளையே பார்த்தது. ஒருவன் சாக்கை விரித்துக்கொண்டு பின்னால் வந்தான்.

"வேணாம், நான் ஏத்துறன்" என்றாள் றுஸ்தா. ஒதுக்கி வைத்திருந்த பிடிச் சோற்றை உள்ளங்கையில் நீட்டினாள். கறுவா கிட்ட வந்து முகர்ந்து, அவள் கையிலேயே தின்றது. மற்றக் கையை அதன் தலையில் வைத்தாள். எவ்வளவு சூடு அந்தத் தலையில்! "போ மகள், பயப்பிடாத. பின்னேரம் வந்திரலாம்" என்றாள். மூன்று காலில் தாண்டித் தாண்டிக் கறுவா பலகையில் ஏறியது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னுக்குப் போய் டொக்டரோட ஆயத்தமா இரிங்க" என்றான் மசூர். "நாங்க பின்னால மெதுவா வாறம், நாய் வெருளாம."

சீனித்தம்பியின் கொட்டிலில் மேசை கழுவி, துணி விரித்து, ஊசி மருந்தெல்லாம் வரிசையாக எடுத்து வைத்தாயிற்று. றுஸ்தா கையை ஏழு தரம் கழுவிக்கொண்டாள். பத்து மணியானது. பதினொன்றானது. கடற்கரையிலிருந்து பாண்டிருப்பு எவ்வளவு தூரம், நடந்தாலே வந்திருக்கலாம். மசூரின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. டயர் காற்றுப் போயிருக்கும், நாய் ஏதும் குதித்திருக்கும் என்று றுஸ்தா தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள். ஒன்றரைக்கு வைத்தியர் பெட்டியைப் பூட்டிக்கொண்டு எழும்பினார்.

இரண்டு மணிக்கு லொறி வந்தது. ஈரமாக இருந்தது. மண் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மசூர் சிரித்துக்கொண்டே இறங்கினான். அதுதான் கொடுமை, அவன் சிரித்தது நல்ல மனதோடு சிரித்த சிரிப்பு.

"ராத்தா, இனி உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்ல. எல்லாத்தையும் உள்ளுக்குக் காட்டுப் பக்கம் கொண்டு போய் உட்டுட்டம்."

றுஸ்தா வெறும் லொறிக்குள் எட்டிப் பார்த்தாள். "எந்தக் காடு?"

"நெல் வயலெல்லாம் தாண்டி, முப்பது மைல் இரிக்கும். குளம் ஒண்டும் இரிக்கி. தண்ணி, எலி, முயல், எல்லாம் இரிக்கி. பொழச்சிக்கும்."

"ஆனைக் காடு தம்பி அது! மூணு கால் நாய் அங்க முயல் புடிக்குமா?"

"ஒண்டையும் அடிக்கல்ல ராத்தா, அல்லாஹ் மேல சத்தியம். நஞ்சு வெச்சிருவம் எண்டு வேற ஆக்கள் கதைச்ச. நான்தான் வேணாம், பாவம், நல்ல முறையா அனுப்புவம் எண்டன்." அவன் குரல் உண்மையாகவே நொந்துபோனது. "நீங்கதானே நோட்டீஸ்ல கேட்டீங்க, வாகனம் தாங்க, ஆள் தாங்க எண்டு? நாங்க உதவிதானே செஞ்ச."

சாக்கு! பதினொரு நாய்க்கும் சேர்த்து ஒரு பெரிய சாக்குத் தைத்திருக்கிறார்கள், அதன் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள் தான்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேறு யார் தட்டியிருந்தாலும் அந்த நாய்கள் வந்திருக்காது. சாக்கோடு துரத்தியிருந்தால் கறுவா தப்பியாவது ஓடியிருக்கும். கையில் சோறு வைத்து, மகள் என்று சொல்லி, தலையைத் தடவி ஏற்றிவிட்டாளே பாவி. றுஸ்தா கொட்டில் மண்ணிலேயே குந்திவிட்டாள்.

அன்று பின்னேரமே சீனித்தம்பி தெரிந்த ஒருவரின் வேனைப் பிடித்துக் கொடுக்க, இரண்டு பேரும் போனார்கள். வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஓட்டுநர் நிறுத்திவிட்டார். ரோட்டில் புது யானைச் சாணம் கிடந்தது. றுஸ்தா இறங்கி நின்று சஹனைத் தட்டினாள். மூன்று தட்டு, பிறகு மூன்று, பிறகு கணக்கில்லாமல் தட்டினாள். நீர்க்காகங்கள்தான் எழும்பிப் பறந்தன. அடுத்த ஐந்து நாளும் போனார்கள். ஒரு செத்த நாயைக் கண்டார்கள், குட்டி வயிற்றோடு. மற்றது எதையும் காணவில்லை.

ஊரில் நிம்மதி. கட்டு அவிழ்த்த கையோடு ஹாஜியார் சுபஹுக்குச் சைக்கிளில் போய்வந்தார். கைபேசிக் குழுவில் லொறியோடு நின்று எடுத்த படத்துக்கு முன்பு எப்போதும் இல்லாத அளவு இதயம் விழுந்திருந்தது. மருதமுனையிலிருந்து ஒருவர் மரியாதையாக எழுதியிருந்தார்: ‘எங்கள் தெருவிலும் ஏழு நாய் உண்டு சகோதரி, உங்கள் குழு வந்து உதவ முடியுமா?’ றுஸ்தா குழுவையே அழித்துவிட்டாள். கடைச் சுவரில் மிச்சமிருந்த நோட்டீஸைக் கிழித்தாள். கஜேந்தினி இரண்டு தரம் வந்து கூப்பிட்டாள், பிறகு வரவில்லை.

பதினாறாம் நாள் சீனித்தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். "புள்ள, அந்த நொண்டி நாய் மாதிரி ஒண்டு, உங்கட கடக்கரைத் தோணியடியில படுத்துக் கிடக்கு. ஓடி வா."

றுஸ்தா கடையைப் பூட்டவும் இல்லை. வீட்டில் இருந்த சோற்றைச் சஹனில் கொட்டிக்கொண்டு ஓடினாள். கறுவாதான். எலும்பு தோலை முட்டிக்கொண்டிருந்தது, கழுத்தில் கிழிந்த புண், ஒரு காது இல்லை. முப்பது மைலை மூன்று காலில் நடந்து பழைய இடத்திலேயே வந்து படுத்திருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. எங்கே கிட்டப் போனால் வெருளுமோ என்று பயந்து, தூரத்திலேயே நின்று, இரண்டு வருடம் செய்ததையே செய்தாள். சோற்றை மணலில் வைத்துவிட்டுச் சஹனை மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள்.

கறுவா துடித்து எழும்பியது. றுஸ்தாவைப் பார்த்தது. வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு, தடுமாறி விழுந்து, எழும்பி, கடலோரமாக ஓடியது.

"கறுவா! மகள்! நான்தான் மகள்!" சஹனை வீசிவிட்டு அவளும் ஓடினாள். கூப்பிடக் கூப்பிட அது இன்னும் வேகமாக ஓடியது. மூச்சு வாங்கி அவள் மணலில் விழும்போது கறுவா கடைசித் தோணியையும் தாண்டிப் போய்விட்டது.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் றுஸ்தா சஹன் இல்லாமல் சோற்றோடு வந்து பொழுது பட்டு மஃரிப் பாங்கு கேட்கும் வரை உட்கார்ந்திருந்தாள். சோற்றைக் காகம் தின்றது.