முட்டுக்கு நல்லது

பழைய வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, வடிவம்மாளின் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துச் சுடலையாண்டி கட்டிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே மோட்டார் ஓடத் தொடங்கியது. மாடியில் யாரோ வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டார்கள். கூரை லேசாக அதிர்ந்தது. ஒரு சின்னப்பிள்ளை கெக்கலி கொட்டிச் சிரிப்பது கேட்டது.

அவர் முடிச்சை இறுக்கினார். தாடைக்கு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. இதற்கெல்லாம் தெருப் பெண்கள் வந்திருக்க வேண்டும். யாரையும் கூப்பிடக் கூடாது என்று மகன் சொல்லிவிட்டான். தென்காசி மார்க்கெட்டில் காலமெல்லாம் மூட்டை தூக்கி, சாக்குக் கட்டிப் பழகிய கை. கட்டுவது பெரிய வேலையில்லை. பொண்டாட்டி கால் என்பதுதான்.

விடியும்போது நெஞ்சைப் பிடிக்கிறது என்றாள். சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தார். இரண்டு மடக்குக் குடித்தாள். ஆட்டோ பிடிக்க முக்குவரை போய்த் திரும்பி வருவதற்குள் அடங்கிவிட்டது.

மகன் லிங்கம் வாசல்படியில் நின்றான். கண் சிவந்திருந்தது. கையில் செல்போன்.

"எப்பா, பதினோரு மணி வரைக்கும் பொறுங்க. மேல உள்ளவங்க ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிரட்டும். அப்புறம் எல்லாருக்கும் சொல்லிருவோம்."

"பரமேஸ்வரனுக்காவது சொல்லுவோம்லே. அவ கூடப் பிறந்தவன்."

"மாமாட்ட சொன்னா கடையத்துல உள்ள அம்புட்டு பேரும் வேன் புடிச்சு வந்து வாசல்ல நின்னு ஒப்பாரி வைப்பாவ. மேல பிள்ளையோட வந்திருக்காங்கப்பா. சாவு வீட்டுல தங்க வச்சுட்டான்னு ஒரு ரிவ்யூ போட்டாங்கன்னா போச்சு. சீசனே போச்சு."

"ஒங்கம்மைலே."

"எனக்குத் தெரியாதாப்பா?"

குனிந்து, கட்டிய கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. அப்போது போன் அடித்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு எடுத்தான்.

"குட் மார்னிங் சார். தண்ணி சூடு பத்தலையா? இந்தா, ஆள அனுப்புதேன் சார்."

அந்த வீட்டில் ஆள் என்றால் ஒருவர்தான். நேற்றுவரை இரண்டு பேர் இருந்தார்கள்.

சுடலையாண்டி எழுந்தார். நேராக எழ முடியாது. அறைக்கு நடுவே இரண்டு தூண்கள் நின்றன. தொட்டியின் கனத்தைத் தளம் தாங்காது என்று கொத்தனார் சொல்ல, அடியில் முட்டுக் கொடுத்த தூண்கள். அவை நின்ற இடம் இவர்கள் படுக்கிற அறை. கட்டிலைப் போட வழியில்லாமல் அன்றிலிருந்து தரையில்தான் படுக்கை. இப்போதும் அவள் தூண்களுக்கு நடுவேதான் கிடந்தாள்.

லிங்கம் டூரிஸ்ட் வண்டி ஓட்டியவன். மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ரிசார்ட்டில் இப்படி ஒரு தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, குற்றாலம் ரோட்டில் இருந்த வீட்டுக்கு மேலே இரண்டு ரூம் எழுப்பினான். தொட்டிக்காகக் கொச்சியில் கடை கடையாக ஏறி இறங்கினான். காற்றடிக்கிற ரப்பர்த் தொட்டி ஒரு சீசன் தாங்காது, மரத்தொட்டி நம் சாரலுக்கு ஊறிப்போகும், ஃபைபர்தான் சரி என்று படம் படமாக அனுப்பினான். நாலு பேர் உட்காருவதா, ஆறு பேர் உட்காருவதா என்று வீட்டில் ஒரு வாரம் அதே பேச்சு. த்ரீ ஃபேஸ் லைன் இழுத்தால்தான் ஹீட்டர் எடுக்கும் என்றார்கள். வடிவம்மாள் எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"இத யாருய்யா கழுவுதது?"

கடையத்தில் அவள் அப்பா கொடுத்த வயல் ஒன்று இருந்தது. பரமேஸ்வரன் வயலுக்கு ஒட்டினாற்போல. அதை விற்கத் தயங்கினாள். அப்போதுதான் லிங்கம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய முழங்கால் முட்டைத் தடவிக் கொடுத்துக்கொண்டே சொன்னான்: "ஒனக்கு முட்டுக்கு நல்லதும்மா. டெய்லி கொஞ்ச நேரம் வெந்நில இருந்தா வலியே தெரியாது." மறுவாரம் கையெழுத்துப் போட்டாள்.

அந்த முட்டோடுதான் தினமும் மாடி ஏறினாள். ஆட்கள் குளித்துப் போனதும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். குளோரின் போட வேண்டும். போர் தண்ணீர் உப்பு. விளிம்பில் வெள்ளையாகப் படிவதைத் தேய்த்து எடுக்க வேண்டும். மூடியைச் சரியாகப் போடாவிட்டால் சூடு போய், கரண்டு பில்லுக்கு லிங்கம் குதிப்பான்.

சுடலையாண்டி படியேறினார். தூறல் முகத்தில் அடித்தது. தொட்டியில் ஒரு ஆளும், அவன் மனைவியும், ஐந்தாறு வயசுப் பெண்பிள்ளையும் கழுத்துவரை முங்கியிருந்தார்கள். சுவரில் பலகை தொங்கியது: எண்ணெய் தேய்த்துக்கொண்டு தொட்டியில் இறங்கக் கூடாது. அவர் வாசிக்கப் படித்ததே தலை நரைத்த பிறகு, சாயங்கால வகுப்பில். அந்தப் பலகையை எழுத்துக் கூட்டி வடிவம்மாளுக்கு வாசித்துக் காட்டியவர் அவர்தான். "எனக்குன்னே எழுதி மாட்டிருக்கான் பாத்தீரா," என்று அவள் சிரித்தாள்.

அவளுக்காகத்தான் எழுதியது. தொட்டி வந்த புதிதில், ஆள் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை, அவரே ஹீட்டரைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டார். அவள் அருவிக்குப் போகிறவர்கள் செய்வதைத்தான் செய்தாள். தலைக்கும் முட்டுக்கும் நல்லெண்ணெயை வழிய வழியத் தேய்த்து, ஊறவிட்டு, சேலையோடு இறங்கினாள். குற்றாலத்துக்காரிக்கு எண்ணெய் இல்லாமல் என்ன குளிப்பு? கண்ணை மூடி உட்கார்ந்தவள், "பொங்கப் பானைக்குள்ள எறங்கி உக்காந்த மாதிரில்லா இருக்கு," என்றாள். "வலி தெரியுதா?" என்று கேட்டார். "எங்கன இருக்குன்னு தேடிக்கிட்டு இருக்கேன்," என்றாள்.

அவர் பொத்தானை அமுக்கினார். குமிழி வந்தது, பிறகு நுரை வந்தது. நுரை பெருகி விளிம்பு தாண்டி வழிந்தது. எண்ணெயில் வடிகட்டி அடைத்து மோட்டார் நின்றுபோயிற்று. மத்தியானம் ஆட்கள் வந்தார்கள். குளிக்கத் தொட்டி இல்லை. அன்றைக்கு லிங்கம் பேசின பேச்சில் ஒன்று மட்டும் அவள் காதிலேயே தங்கிவிட்டது. "ஒனக்கு ஒரு வாளி வெந்நி காணாதா?"

அதற்குப் பிறகு அவள் அதில் இறங்கவில்லை. அவரும் இறங்கச் சொல்லவில்லை.

"பெரியவரே, சூடு கொஞ்சம் ஏத்துங்க," என்றான் தொட்டிக்குள் இருந்தவன்.

அவர் ஏற்றினார். சரியா என்று பார்க்கக் கையை விட்டார். கீழே பிடித்துவிட்டு வந்த காலின் குளிர்ச்சி கையில் இருந்தது. தண்ணீர் சுட்டது.

"பாட்டி எங்க?" என்றாள் அவன் மனைவி. "நேத்து ஆப்பம் கொண்டு வந்தாங்களே, சூப்பரா இருந்துச்சுன்னு சொல்லணும்."

"கீழ படுத்திருக்கா."

"உடம்பு சரியில்லையா?"

"இப்ப ஒண்ணும் இல்ல," என்றார்.

அவர் இறங்கி வந்தபோது, படுக்கை விரிப்புகளைத் துவைக்க வருகிற ரூபி அறைக்குள் நின்றாள். "ஆச்சி..." என்று வாயைத் திறந்தவளின் வாயை மருமகள் முத்துச்செல்வி பாய்ந்து உள்ளங்கையால் பொத்தினாள். ரூபியின் கண் மட்டும் பெரிதாகி வழிந்தது.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். மேல ஆள் இருக்கு."

கையை விலக்கிவிட்டு ரூபி மெல்லக் கீழே உட்கார்ந்தாள். வடிவம்மாளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு முத்துச்செல்வியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஏட்டி, நாளைக்கு நீ செத்தாலும் ரூம் காலி ஆவுத நேரம் பாத்துத்தான் அழுவாவ. பாத்துக்கோ."

முத்துச்செல்வி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ரூபி விரிப்புகளை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். துவைகல்லில் துணி விழும் சத்தம் வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது.

பதினோரு மணி வாக்கில் லிங்கம் வந்தான். தந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அருவியில வெள்ளமாம், குளிக்கத் தடை போட்டிருக்காவ. வெளிய போயி என்ன செய்ய, மத்தியானம் வரைக்கும் தொட்டியிலயே இருந்துட்டுப் போறோம்ங்காங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொன்னேன்."

சுடலையாண்டி தன் சின்ன போனை எடுத்தார். பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிப் பரமேஸ்வரன் பெயரில் வந்து நின்றார். பச்சைப் பொத்தான்மேல் விரலை வைத்தார். லிங்கம் பார்த்துக்கொண்டு நின்றான். மகன் வீடு. மகன் போடுகிற சோறு. இனி ஒருத்தராகத் தின்ன வேண்டிய சோறு. விளக்கு அணைந்து போன் இருட்டாகிற வரை விரல் அப்படியே இருந்தது. பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் கார் கிளம்பியது. பெண்பிள்ளை கண்ணாடி வழியே டாட்டா காட்டியது. அவரும் கையை ஆட்டினார். கார் முக்குத் திரும்பியதும் லிங்கம் வாசலில் நின்றபடியே, "எம்மா!" என்று கத்தினான். பொய்க் கத்தல் இல்லை. தேக்கி வைத்திருந்தது. முத்துச்செல்வி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். தெரு கூடிவிட்டது. சங்குக்காரன் வந்தான். தூண்களுக்கு நடுவிலிருந்து அவளை நேராகத் தூக்க முடியவில்லை. ஒருக்களித்துச் சாய்த்து, பீரோவை நகர்த்துவது போல நகர்த்தி வெளியே கொண்டு வந்தார்கள்.

பரமேஸ்வரன் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்து இறங்கினான். அக்காவின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்தான். பிடித்த கை அப்படியே நின்றுபோயிற்று. விரலை மடக்கிப் பார்த்தான். மடங்கவில்லை.

"எப்ப போச்சு?"

"இப்பத்தான் மாமா," என்றான் லிங்கம். "ஒரு அரைமணி நேரம் இருக்கும்."

பரமேஸ்வரன் அவனைப் பார்க்கவில்லை. சுடலையாண்டியைப் பார்த்தான்.

"அத்தான்?"

சங்குக்காரன் ஊதி முடித்து மூச்சு வாங்கினான். கொல்லை வாசலில் ரூபி ஈரக் கையோடு நின்றாள். சுடலையாண்டி குனிந்து, வடிவம்மாளின் கால் கட்டில் தொங்கிய நூல் பிசிறு ஒன்றைப் பிய்த்து எடுத்தார்.

"கட்டு நல்லாத்தான் போட்டிருக்கீரு," என்றான் பரமேஸ்வரன். சேலையை அவள்மேல் போர்த்திவிட்டு, தெருவில் போய், மழையில் நின்றான்.

லிங்கம் எல்லாவற்றையும் விரசாக நடத்தினான். சாயங்காலம் இன்னொரு குடும்பம் வருகிறதென்று முத்துச்செல்வியிடம் சொன்னது சுடலையாண்டிக்குக் கேட்டது. "தொட்டித் தண்ணிய இறக்கிராத. சூடாவே கெடக்கட்டும்." உறவுக்காரர்கள் வரிசையாக வந்து, கிண்ணத்து எண்ணெயைத் தொட்டு அவள் தலையில் வைத்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர ஆண்கள் குடத்தோடு புறப்பட்டார்கள். நீர்மாலை எடுக்க ஆற்றுக்குத்தான் போகவேண்டும் என்று பரமேஸ்வரன் சொல்ல, போர் தண்ணீர் போதாதா என்று லிங்கம் கேட்க, பரமேஸ்வரன் குடத்தை வாங்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தான். மற்ற ஆண்களும் அவன் பின்னால் போனார்கள். லிங்கமும் போனான்.

போகாமல் நின்ற சுடலையாண்டி கடைசியாக எண்ணெய் வைக்க வந்தார். உச்சியில் வைத்தார். கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. மிச்ச எண்ணெயை உள்ளங்கையில் கவிழ்த்தார். சேலையை முழங்கால் வரை விலக்கி, இரண்டு முட்டிலும் ஊற்றித் தேய்க்கத் தொடங்கினார்.

"தலைக்கு மட்டும் போதும்யா," என்றாள் ஒரு கிழவி.

அவர் தேய்த்துக்கொண்டிருந்தார். வீங்கிய முட்டு. சுற்றிச் சுற்றி, சூடு பறக்கிற மாதிரி. பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ரூபிதான் மெதுவாகச் சேலையை இழுத்து மூடி, "விடுங்கய்யா," என்றாள்.

எழுந்து, எண்ணெய் வழிகிற கைகளை வயிற்றுக்கு நேரே ஏந்தியபடி, அவர் வீட்டைச் சுற்றி மாடிப்படிக்குப் போனார். படியில் எண்ணெய் சொட்டியது. மேலே யாருமில்லை. மூடியை முழங்கையால் தள்ளினார். ஆவி எழுந்து தூறலோடு கலந்தது. விளிம்பில் மண்டிபோட்டு, இரண்டு கையையும் முழங்கைவரை உள்ளே விட்டார்.

எண்ணெய் கையைவிட்டுப் பிரிந்து மிதந்தது. முதலில் காசு காசாக. பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து, நீலமும் மஞ்சளுமாகத் தொட்டியின் மறுகரைவரை போயிற்று.

கீழே, ஆற்றிலிருந்து திரும்புகிறவர்களின் சங்குச் சத்தம் நெருங்கி வந்தது. "எப்பா, எங்க இருக்கீங்க? நீர்மாலை வந்துட்டு," என்று லிங்கம் கூப்பிட்டான்.

தண்ணீரைச் சுற்றிவிட நேரம் குறித்து வைத்திருந்த மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. கையைச் சுற்றிக் குமிழி வந்தது. விளிம்போரம் வெள்ளையாக நுரை கட்டியது.