மூத்த மாப்பிள்ளை

படகின் ஜன்னல் ஒழுகும் இடத்தில் வைத்திருந்த பிளாஸ்டிக் கிண்ணம் பாதி நிறைந்திருந்தது. அவன் அதை எடுத்துக் கடலில் கொட்டிவிட்டு, பழைய இடத்திலேயே வைத்தான். எத்தனையோ முறை அடைத்துப் பார்த்தாயிற்று. ஒழுகல் இடம் மாறியதே தவிர நின்றபாடில்லை.

இந்தப் பாய்மரப் படகுக்கு அவன் மனைவியின் வீட்டில் மூத்த மாப்பிள்ளை என்று பெயர். மாமனார் வாங்கும்போதே அது பழையது. வந்த நாளிலிருந்து கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டியிருந்தது; கொடுத்தாலும் முறுக்கிக்கொண்டது. பிறகு கல்யாணமாகி வந்த அவனுக்கு, வீட்டுக்கு ஒரே மருமகனாக இருந்தும், சின்ன மாப்பிள்ளை பட்டம்தான் கிடைத்தது. மாமனார் இறந்த பிறகு மனைவிதான் படகை வைத்துப் பராமரித்தாள். போன வருடம் அவளும் போய்விட்டாள்.

“இனிமே மூத்தவரோட மல்லுக்கட்ட நம்மால ஆகாது, மாப்பிள்ளை” என்றாள் மாமியார். வாங்கிக்கொள்ள ஒரு பல் டாக்டர் தயாராக இருந்தார். அவன் எதிர்த்துப் பேசவில்லை. தானும் மச்சினியும் ஒரே ஒருமுறை கடலுக்குக் கொண்டுபோய்விட்டு வருகிறோம், எங்கேயும் இடிக்காமல் துறையில் கட்டிவிட்டால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கொடுத்துவிடலாம் என்று மட்டும் கேட்டான். மாமியார் யோசித்தாள். தானும் வருவதாகச் சொன்னாள்.

மனைவி போனதிலிருந்து கரையில் எல்லாரும் அவனிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். படகு அப்படியெல்லாம் பார்க்காது. பம்ப் அடைத்துக்கொள்ளும், அலமாரிக் கதவு மூடிக்கொள்ள மறுக்கும். எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் மத்தியானமாகிவிடும், பசிக்கும். அவனுக்குப் பசி வருவது இப்போதெல்லாம் இங்கே மட்டும்தான்.

போனது நன்றாகவே போனது. மச்சினி பாயை ஏற்றினாள், அவன் சுக்கானைப் பிடித்தான். மாமியார் இன்ஜின் நெம்புகோலுக்குப் பக்கத்தில், வருடக்கணக்காகத் தனக்கென்று வைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தாள். அந்த இடத்திலிருந்து எழுந்து அவள் எதையும் தொட்டு யாரும் பார்த்ததில்லை. காற்று ஒரே சீராக இருந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கீழே தண்ணீர் சலசலக்கப் போயிற்று. மச்சினி ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு முகத்தை வெயிலுக்குக் காட்டினாள். பல் டாக்டரைப் பற்றி யாரும் பேசவில்லை.

திரும்பும்போது பாயை இறக்கி இன்ஜினைப் போட்டார்கள். துறையில் படகைச் சேர்ப்பது எப்போதும் மனைவியின் வேலை. தங்கை முன்கயிற்றோடு துறைப் பலகையில் குதிப்பாள், அவன் பின்கயிற்றோடு குதிப்பான். எட்டுகிற தூரம் வந்ததும் மனைவி “ம்” என்பாள். அவ்வளவுதான் உத்தரவு. இன்றைக்குக் குதிப்பது மச்சினி மட்டும், அவன் சுக்கானை விடக்கூடாது என்று வழியெல்லாம் பேசி வைத்திருந்தார்கள்.

துறை நெருங்கியது. முன்னால் கயிற்றோடு நின்ற மச்சினி, தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்வதுபோல “ம்” என்றாள். அக்காவின் குரலேதான். ஃபோனில் பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது.

அவன் குதித்துவிட்டான்.

பலகைமேல் நின்று பார்த்தபோது பக்கத்தில் மச்சினி நின்றாள். அவள் கையிலாவது கயிறு இருந்தது. அவன் கையில் ஒரு ஆரஞ்சுச் சுளை. படகில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, மாமியார் உட்கார்ந்திருந்தாள்.

“மாமா, நீங்க ஏன் இங்க இருக்கீங்க?” என்றாள் மச்சினி.

இருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். படகின் மூக்கு இந்தப் பக்கம் பிடிபட, வால் எதிர்ப்பக்கம் நின்ற வெள்ளைப் படகை நோக்கித் திரும்பத் தொடங்கியது. இடித்தால் தீர்ந்தது.

“கயித்த விடுங்க” என்றாள் மாமியார்.

“அத்தை, கொஞ்சம் இருங்க, நான் எப்படியாவது ஏறி…”

“ஒண்ணும் ஏற வேண்டாம். விடுங்கன்னேன்ல?”

விட்டார்கள். மாமியார் எழுந்தாள். மடியிலிருந்த ஆரஞ்சுத் தோலை இருக்கையில் வைத்தாள். ஒரு கை நெம்புகோலைத் தொட்டது, இன்னொன்று சுக்கானைத் தள்ளியது. வால் நின்று, யோசித்து, ஒரு முழம் இடைவெளியில் வெள்ளைப் படகைத் தாண்டியது.

“ஒரு சுத்து சுத்திட்டு வரேன். அதுக்குள்ள யாரு குதிக்கணும், யாரு குதிக்கக் கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிங்க.”

மச்சினி பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் குனிந்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் வந்துவிட்டது. விலா வலித்தது.

கையிலிருந்த சுளையை வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தான். முன்கயிறு தண்ணீரில் இழுபட, படகு துறையின் வாயை நெருங்கியிருந்தது. மாமியார் உட்காரவில்லை. திரும்ப வேண்டிய இடம் சிவப்பு மிதவை. அதைத் தாண்டியும் அவள் திரும்பவில்லை; சுக்கானைப் பிடித்தபடி நேராகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள்.