கிடைத்துவிட்ட பீஸ்

பள்ளிக்கூடத்தில் பீஸ் என்றால் துண்டு என்றுதான் ரோஸ்மேரிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்று, சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து அம்மாவோடும் தங்கச்சியோடும் திருப்பூருக்கு வந்தபின், அந்தச் சொல் போகிற இடமெல்லாம் கூடவே வந்தது. தைத்து முடித்த முழுச் சட்டையும் பீஸ்தான், கழித்துப் போட்ட கிழிசலும் பீஸ்தான். நாள் சம்பளம் இல்லாமல் தைத்ததற்கு மட்டும் கூலி வாங்கினால் அது பீஸ் ரேட். கம்பெனிக்குப் போகிற வழியில் டீக்கடைப் பையன்கள் அவளைப் பார்த்து, "புது பீஸுடா" என்பார்கள். சட்டையைப் புரட்டிப் பார்ப்பதுபோலத் தன்னையும் யாரோ புரட்டிப் பார்த்து அடுக்கில் வைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றும். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு நடையைக் கூட்டுவாள்.

தையல்காரர்களுக்குத் துணி எடுத்துக் கொடுத்து மடித்து அடுக்குகிற கைமடி வேலையில்தான் சேர்ந்தாள். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. இப்போதுதான் சிங்கர் மெஷினில் உட்கார வைத்திருந்தார்கள், சட்டைக் கழுத்தில் லேபிள் வைத்துத் தைக்க. அதற்குக் கூலி கூடுதல். மெஷின் அவளுக்கு நிலைத்துவிட்டால் தங்கச்சி ஸ்டெல்லா பத்தாவது படிக்கலாம், இல்லையென்றால் இந்த வருஷப் பரீட்சை முடிந்ததும் அவளையும் கம்பெனிக்குக் கூட்டிவந்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஸ்டெல்லாவுக்கு அது தெரியாது.

சரக்கு ஏற்றுகிற அன்றைக்கு, அவசரத்தில், ஊசி ரோஸ்மேரியின் வலது ஆள்காட்டி விரலில் இறங்கி உடைந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. துணியில் ரத்தம் படாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஊசி உடைந்தால் உடைந்த பீஸ் அத்தனையும் பொறுக்கி, அட்டையில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்துவிட்டது என்று காட்டினால்தான் அங்கே புது ஊசி கொடுப்பார்கள். வெளிநாட்டுக் குழந்தைகள் போடுகிற சட்டை. உள்ளே ஒரு முனை இருந்தால் ஆர்டரே போய்விடும். ரோஸ்மேரி கொடுத்ததில் முனை இல்லை.

சூப்பர்வைசர் ராசப்பன் மெஷின்களை நிறுத்தச் சொன்னார். பெட்டியில் போட்ட சட்டைகள்கூட வெளியே வந்தன. ஒவ்வொன்றாக உதறி, காந்தத்தை ஓட்டி, எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். ரோஸ்மேரியும் குனிந்து தேடினாள். முனை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். விரலுக்குள் அது குத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் விரலைத் தைத்துக்கொண்ட ஒரு பெண்ணை, கை பழகவில்லை என்று மறுநாளே கைமடிக்கு இறக்கிவிட்டார்கள். அதை நினைத்தே வாயைத் திறக்கவில்லை.

வாசலில் லாரி காலியாகவே நின்றது. முதலாளி பொங்கியண்ணன் காதர்பேட்டையிலிருந்து விடாமல் போன் செய்தார். "முடிஞ்சுதுங்க, ஏத்தியாச்சுங்க" என்று ராசப்பன் போனில் சொல்லும்போது அவர் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. பிறகு அவர் ஊசி வைத்திருந்த அலமாரிப் பக்கம் திரும்பி, ஒரு நல்ல ஊசியை எடுத்துக் குறட்டால் முனையை முறித்தார். தரையில் தேடிக்கொண்டிருந்த ரோஸ்மேரி மட்டும் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

முனையை அட்டையில் ஒட்டி, பீஸ் கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். பெண்கள் சட்டைகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினார்கள். லாரி போனது. கம்பெனிக் கணக்கில் பிரியாணி வந்தது.

"இந்த மொதலாளி வாங்குற கோழிக்கு ஒடம்பே கெடையாதோ? எனக்கு எப்பப் பாரு கழுத்துப் பீஸு" என்றாள் பக்கத்து மெஷின் பாண்டியம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்மேரி சிரிக்காததைப் பார்த்து அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, எடக்கையால திங்க?"

வலது கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல் வீங்கி நீலம் பாரித்திருந்தது. வேலை போனால் போகிறது, விரல் போனால் வருமா என்று அடிக்குரலில் திட்டி, ராசப்பனின் அறைக்குள் தள்ளிவிட்டாள்.

ராசப்பன் விரலைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"அந்தப் பீஸு கெடச்சிருச்சு கண்ணு. அட்டையில இருக்குது. நீயுந்தான பாத்தே?"

"உள்ள குத்துதுண்ணா."

"ஆஸ்பத்திரிக்குப் போனா எப்படின்னு கேப்பாங்க. அப்பறம் அட்டையில இருக்கறது எதுன்னு கேப்பாங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்குது சாமி."

மாத்திரை வாங்கித் தந்தார். மெஷினை விட்டு உன்னை யாரும் இறக்கமாட்டார்கள், அதற்கு நான் ஜவாப்தாரி என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக ரோஸ்மேரி தலையை ஆட்டினாள்.

ஜுரம் தூக்கியடித்த பிறகுதான் அம்மா அவளை வைத்தியரிடம் இழுத்துப் போனாள். முள் குத்தியது என்று ரோஸ்மேரி சொன்னாள். வைத்தியர் கீறியதும் சீழோடு முனை வந்து தட்டில் விழுந்தது. அவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கட்டுப் போட்டு அனுப்பினார். புண் ஆறியது. விரல் மடங்கவில்லை.

ராசப்பன் சொன்ன சொல் தவறவில்லை. மெஷின் அவளுக்காகக் காலியாகவே கிடந்தது. அவளால்தான் லேபிளைப் பிடிக்க முடியவில்லை. தைத்ததெல்லாம் கோணிக்கொண்டு போக, ஒருநாள் அவளே எழுந்து கைமடி மேசைக்குப் போய் நின்றாள்.

பரீட்சை முடிந்த வாரத்தில் அம்மா ஸ்டெல்லாவைக் கூட்டிவந்தாள். ராசப்பன் பேரைக்கூடக் கேட்காமல், வேறெங்கோ பார்த்தபடி, பிசிர் வெட்டுகிற கத்தரி ஒன்றைக் கொடுத்து அக்காவுக்கு எதிரே நிறுத்தினார். ஸ்டெல்லா கத்தரியைக் காகிதம் வெட்டுவதுபோலப் பிடித்தாள்.

"அப்படி இல்ல," என்று ரோஸ்மேரி அதை வாங்கி, மடங்காத விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள்.