ஜாய்சியின் ஆள்காட்டி விரல்

1

இந்தக் கதை ஓர் எறும்புக்கடியில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் நன்றாக இருக்காது என்று வேறு தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

சீவலப்பேரியில் ஆறுகள் கூடும் இடத்துக்கு மேலே, வெள்ளையாக ஒரு... (ஆறு இந்தக் கதைக்குள் வராது. அடித்துவிட்டேன்.)

அண்ணன் நாளை கப்பலேறுகிறான். (இது உண்மை. இருக்கட்டும்.)

2

அண்ணன் ரெக்சன், கப்பலில் வேலை. தங்கை ஜாய்சி, என் கல்லூரித் தோழி. ரிமோட் விமானத்தைத் தானே செய்து பறக்கவிடுபவள். அவன் விடுமுறை முழுக்க, அறுப்பு முடிந்த வயலில் வைத்து அவனுக்குக் கற்றுக்கொடுத்தாள். பறக்கவிட வந்துவிட்டது; இறக்க வரவில்லை. போவதற்குள் ஒருமுறையாவது தன் கையால் இறக்கிவிட வேண்டும் அவனுக்கு. அன்று கடைசிச் சாயங்காலம்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இருவர் கையிலும் ஆளுக்கொரு ரிமோட். ஜாய்சியுடையதில் ஒரு ஸ்பிரிங் சுவிட்ச் உண்டு. அவள் அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை விமானம் அண்ணன் பேச்சைக் கேட்கும். விரலை எடுத்தால் அவளிடமே திரும்பிவிடும். கொடுப்பதற்குத்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் நாவலாசிரியராக இருந்திருக்கலாம்.)

3

"ஏட்டி, தரைக்குக் கிட்ட வந்தாலே நீ புடுங்கிக்கிடுத."

"பின்ன? நீ மூக்கக் குத்துவ. ஒங்க கப்பலுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான இருக்கு."

"இன்னைக்கு ஒருநாள் விடுட்டி."

"விட்டா எங்கிட்டயே வந்துரும்ண்ணே. பிடிச்சுக்கிடுதேன். பைய, அவசரப்படாம எறக்கு."

விமானம் தாழ்ந்தது. வரப்பில் உட்கார்ந்திருந்த நான் அப்போதுதான் பார்த்தேன்: அவள் மணிக்கட்டில் ஒரு கட்டெறும்பு. கடித்தது. அவள் கண்ணில் நீர் முட்டியது. கையை உதறவில்லை, உதறினால் விரல் நழுவிவிடும். இறக்கை ஒருபக்கம் சாய்ந்தபோதும் அந்த விரல் வெளுத்துப்போய் சுவிட்சின் மேலேயே இருந்தது. நான் படித்த எந்த வீரனும் இவ்வளவு அசையாமல் நின்றதில்லை.

இறக்கை நிமிர்ந்தது. வயிறு நெல்தாளில் உரச, விமானம் வழுக்கிக்கொண்டுபோய் நின்றது. முழுதாக.

4

ரெக்சன் திரும்பினான். விமானம் யார் பேச்சைக் கேட்டது என்று அவன் ரிமோட்டில் தெரியாது.

"உண்மையச் சொல்லு. நீதான எறக்குன?"

முடிவு ஒன்று: ஆமாம், இறக்கியது அவள்தான்; அவன்தான் என்று அன்பினால் பொய் சொல்கிறாள். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்கள் இப்படித்தான் முடியும். வெளியே பனிகூடப் பெய்யும். ஆனால் நான் பார்த்தது அதுவல்ல.

முடிவு இரண்டு: ஜாய்சி விரலை நீட்டுகிறாள். நுனியில் சுவிட்ச் பதிந்த குழி. "பாரு. எடுக்கவே இல்ல." அவன் அந்த விரலைப் பிடித்துப் பார்க்கிறான். வெகுநேரம் பார்க்கிறான். பிறகு அவன்...

மீதியை உங்களிடம் விட்டுவிடுகிறேன் என்று எழுதப்போனேன். கூடாது. விட்டால் என்னிடமே வந்துவிடும்.

அழுத்திப் பிடித்திருக்கிறேன். பைய இறக்குங்கள்.