சிங்கக்குட்டிக்கு ஒரு ‘ள்’

குழந்தைத் துணிக்கு விளம்பரம் எழுதி எழுதி அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. பையன் சட்டை என்றால் சிங்கக்குட்டி, புயல், நாளைய தலைவன். பெண்பிள்ளை சட்டை என்றால் தேவதை, பூங்கொத்து, அம்மா செல்லம். ஒரே துணி, ஒரே தையல், ஒரே அளவு. வார்த்தையில் மட்டும் என்ன கேடு வந்ததோ தெரியவில்லை.

அன்றைக்குப் படம் எடுக்க வரவேண்டிய குழந்தைக்குக் காய்ச்சல். போட்டோக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, பள்ளி விட்டு அம்மாவைத் தேடி வந்த அவள் மகளைப் பிடித்துப் புதுச் சட்டையும் கால்சட்டையும் மாட்டி நிறுத்தினார்கள். வீட்டில் மகளுக்கு வாலு என்று பெயர். பேன் தொல்லை தாங்காமல் போன வாரம்தான் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கன்னத்தில் விரலை வைத்துத் தலையைச் சாய்க்கச் சொல்லி முதல் படம். வாலு கடனே என்று நின்றாள். “ஒரு தடவை குதிச்சுக்கட்டுமா அங்கிள்?” என்று கேட்டவள், பதில் வருமுன்னே மரப்பெட்டி மேலிருந்து பாய்ந்தாள். அந்தப் படம்தான் அமர்க்களமாக வந்திருந்தது. கடை வாசலில் அதைத்தானே மாட்டுவார்கள் என்று வாலு அதற்குள் அம்மாவைக் கேட்டே துளைத்துவிட்டாள்.

சாயங்காலம் கடை மேனேஜர் வந்து கம்ப்யூட்டர் திரையில் அந்தப் படத்தைப் பார்த்தார்.

“பையன் என்னமா பாயறான் பாருங்க. ஆம்பளப் புள்ளைன்னா இப்படி இருக்கணும். எழுதிக்கோங்க: அப்பாவின் சிங்கக்குட்டி, அஞ்சாதவன்.”

கை பழக்கத்தில் தட்டிவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. “சார், அது என் பொண்ணு.”

“அடடே, முடியைப் பாத்து ஏமாந்துட்டேன்.”

“அஞ்சாதவள்னு மாத்திடறேன். ஒரு எழுத்துதானே.”

“ஒரு எழுத்துதானேம்மா, இருந்துட்டுப் போகட்டும். பொண்ணுன்னு போட்டே ஆகணும்னா அந்தக் கன்னத்துல கை வச்ச படத்தை எடுத்துக்கோங்க. அம்மாவின் தேவதைன்னு போட்டுடலாம். பொண்ணு இப்படிப் பாயறதைப் பாத்து எந்த அம்மா வாங்குவாங்க?”

“நானும் அம்மாதானே சார்?”

“நீங்க எழுதறவங்க. அது வேற. ரெண்டுல ஒண்ணை அச்சுக்கு அனுப்பிடுங்க.”

அவர் போய்விட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷரிடம் பேசுவதும் ஒன்று, சுவரில் போய் முட்டிக்கொள்வதும் ஒன்று.

வாலு சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

“எந்தப் படம்டி வேணும்?”

“குதிக்கிறதுதான்.”

“அதுல உன்னைப் பையன்னு எழுதணுமாம்.”

வாலு இறங்கி வந்து திரையில் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். “அஞ்சாதவன். தப்பும்மா. இது நான். ‘ள்’ வரணும்.”

“தெரியும்டி. மேனேஜர் விட மாட்டேங்கறாரு.”

“நான் குதிச்சுட்டேன். எழுத்து உன் வேலைதானேம்மா?”

சுருக்கென்றது. குழந்தை கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் கீபோர்டை இழுத்து ஓர் எழுத்தை அழித்து ஓர் எழுத்தைப் போட்டாள். அச்சுக்கு அனுப்பினாள். பிறகுதான் மகளின் புத்தகப் பையை எடுத்தாள்.

வாசலில் மேனேஜர் எதிரே வந்தார். “எந்தப் படம்மா போச்சு?”

“குதிக்கிறதுதான் சார்.”

“அப்படி வாங்க வழிக்கு. அந்த எழுத்து?”

“அது என் வேலை சார். பாத்துட்டேன்.”