பதினெட்டு நாள் பேரரசர்

தன்யூப் ஆறு உறையத் தொடங்கியிருந்த வேளையில் ரோமிலிருந்து ஆணை வந்தது. படை மொத்தமும் கிழக்குப் போருக்குக் கிளம்ப வேண்டும். ஆறு உறைந்துவிட்டால் அக்கரைக்காரர்கள் கொள்ளையடிக்க நடந்தே வந்துவிடுவார்கள். எங்கள் பெண்டு பிள்ளைகளோ கோட்டைக்கு வெளியே குடிசைகளில் இருந்தார்கள்.

படைத்தலைவர் வெத்தியுஸ் அக்விலா ஆணையைப் படித்து முடித்தார். ஒருவரும் அசையவில்லை. பிறகு யாரோ ஒருவன் அவரைப் பேரரசரே என்று கூப்பிட்டான். படையே ஒரு புதுப் பேரரசரை அறிவித்துவிட்டால் ரோமின் ஆணைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. அடுத்து ஐயாயிரம் பேரும் கூப்பிட்டோம்.

"வேணாம்ப்பா. என்னைக் கொன்னுடுவாங்க."

"மாட்டேன்னா நாங்களே கொன்னுடுவோம், ஐயா" என்றேன். என் பெயர் தாசியுஸ். நூறு பேருக்குத் தலைவன். அவருக்குக் கீழே பதினொரு வருடம் இருந்தவன். சொன்னபோது வாளை உருவியிருந்தேன்.

ஒரு கொடியிலிருந்து சிவப்புத் துணியைக் கிழித்து, பேரரசரின் மேலங்கியாக அவர் தோளில் போட்டோம்.

அவர் சிலை வைக்கச் சொல்லவில்லை. வண்டிகளைத் திரட்டி, பெண்களையும் குழந்தைகளையும் தெற்கே மதில் நகரத்துக்கு அனுப்பினார்.

"ரோம்ல மயில்கறி திம்பாங்களாம். நமக்கு அவரைக் கஞ்சிதான், பேரரசரே" என்று சமையல்காரன் சீண்டுவான்.

"உப்பாவது போட்டியா?" என்பார்.

பதினெட்டாம் நாள் ரோமின் படை வந்து சூழ்ந்தது. எங்களைப்போல் மூன்று மடங்கு. அக்விலாவின் தலையைக் கொடுத்தால் மற்றவர்களுக்கு மன்னிப்பு என்று கடிதம் வந்தது. எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே என்னை அவரிடம் அனுப்பினார்கள்.

"பின்னால குதிரை நிக்குது, ஐயா. போயிடுங்க."

"நான் போயிட்டா எந்தத் தலையக் குடுப்பீங்க? உங்கள்ல பத்துப் பேருக்கு ஒருத்தன அடிச்சே கொல்லுவாங்க." பிறகு கேட்டார். "பொம்பளைங்கல்லாம் போய்ச் சேந்துட்டாங்களா?"

"நேத்தே சேந்துட்டாங்க."

"அப்ப சரி."

துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு மண்டியிட்டார்.

"வாள எடு. ரெண்டு கையாலயும் பிடி."

பிடித்தேன்.

மன்னிப்புக் கிடைத்தது. கோட்டை வாசல் கல்லில் பொறித்திருந்த அவர் பெயரைக் கொத்தியெடுக்கும் வேலையும் எங்களுக்கே விழுந்தது. பிறகு கிழக்கே நடந்தோம்.

வழியில் செய்தி வந்தது. அக்கரைக்காரர்கள் ஆற்றைக் கடந்து, ஆளில்லாத குடிசைகளைக் கொளுத்திவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். என் பக்கத்தில் நடந்தவன் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். நடக்கச் சொல்ல வேண்டியவன் நான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னேன்.