சாவிக்கொத்தில் ஓர் அலறல்

சாவிக்கொத்தில் மாட்டுகிற மாதிரி, பார்த்தால் தெரியாத ஆயுதம் வேண்டுமென்று கேட்டேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, விரலில் மாட்டிக்கொண்டு குத்துவதற்காகக் காது இரண்டும் கூராக இருக்கும் பூனைமுகம். இன்னொன்று சின்ன முட்டை போல இருந்தது. சாவி வளையத்தை இழுத்தால் அது கழன்றுவிடும், முட்டை ஊரே கேட்க அலறும்; வளையத்தைத் திரும்பச் செருகினால்தான் அடங்கும்.

"குத்துறதுதான்க்கா நல்லது," என்றாள் கூட வந்த தங்கை.

"குத்திட்டு நான்தான் ஸ்டேஷனுக்கு அலையணும். முட்டையே போதும்."

யாரைச் சமாளிக்க என்று அவளிடம் சொல்லவில்லை. எங்கள் மாத்திரைக் கம்பெனியில் சாவியை வாசலில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாயங்காலம் திருப்பித் தரும்போது அந்த ஆள் என் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வான். மறுநாள் காலை அவனிடம் சாவியைக் கொடுத்த பிறகுதான் உறைத்தது, ஆயுதத்தையும் அவனிடமே கொடுத்துவிட்டேன் என்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சாயங்காலம் முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சாவியை நீட்டினான். "என்னம்மா, புதுசா இருக்கு?" என்று விரலைப் பிடித்தான். நான் வளையத்தோடு சாவியை வெடுக்கென்று இழுத்தேன்.

அவன் கையில் முட்டை அலறியது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"நிறுத்தும்மா, நிறுத்து!"

வளையம் என் விரலில் இருந்தது.

"நிறுத்துறேன். ஏன் கத்துதுன்னு முதல்ல இவங்களுக்குச் சொல்லு."